உப்புக்காற்று ஊரில் கார்டு சேர்ப்பவர்களுக்கு

பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டு, டபிள்யூ.டபிள்யூ.எஃப். மல்யுத்த ட்ரம்ப் கார்டு எல்லாம் இன்னும் பரணில் கிடக்கிறதா? முதலில் கீழே இறக்குங்கள். மதுரையில் பெட்டிக்குள் சும்மா கிடந்தே தப்பிக்கிற அட்டை, கடலோரமான கடலூர் தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி குருசுக்குப்பத்திலும் அப்படித் தப்பிக்காது.

கார்டின் வழவழப்பான முன்பக்கம் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது. பின்பக்கத்து வெறும் அட்டை உறிஞ்சி உப்பும். ஐப்பசி பிறந்ததும் கார்டு படத்தின் பக்கமாகவே சுருளுவது அதனால்தான். மை ஒட்டாத இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி நாலைந்து நாள் விடுங்கள். இஸ்திரிப் பெட்டி பக்கமே போகவேண்டாம்.

ரப்பர் பேண்ட் போட்ட கட்டு என்றால் ஓரத்தில் பள்ளம் விழுந்திருக்கும். ரப்பர் இளகி ஒட்டியிருந்தால் பிய்த்து இழுக்காதீர்கள். ஜிப் கவரில் காற்றை நீக்கிப் போட்டு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் இறுகிவிடும்; பிறகு நகத்தால் சுண்டினாலே உதிரும். காய்ந்த பபிள்கம்முக்கும் இதே வைத்தியம்தான்.

அடுத்தது கவர். ரேஷன் கார்டுக்குப் போடுகிற, பிளாஸ்டிக் நெடி அடிக்கும் பி.வி.சி. உறை நாளாக நாளாக வியர்த்து மையை இழுத்துக்கொள்ளும். பாலிப்ரோப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். ஆன்லைனில் வரும் ஸ்லீவ் பெரும்பாலும் 2.5க்கு 3.5 அங்குலம், அமெரிக்காவின் டாப்ஸ் கம்பெனி 1957இல் பேஸ்பால் கார்டுக்குக் கொண்டுவந்த அளவு அது. நம்மூர் கார்டுகள் பலவும் இதில் சரியாக உட்காராது, ஸ்கேல் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். கவர் லொடலொடத்தால் முனை மழுங்கும், மதிப்பும் இறங்கும். அமெரிக்க பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் 1952 கார்டு ஒன்று 2022இல் 1.26 கோடி டாலருக்குப் போனதில் அதன் 10க்கு 9.5 என்ற தர மதிப்பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. நம் மல்யுத்த வீரர் அண்டர்டேக்கர் கார்டுக்கு அந்த விலை வராது என்பது வேறு விஷயம்.

லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள், அதைத் திரும்ப எடுக்கவே முடியாது. பாச்சா உருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சிலவகை பிளாஸ்டிக்கை இளக்கும். ராமபாணப் பூச்சிக்கு இறுக்கமான மூடியுள்ள டப்பாவே போதும். ஐந்து லிட்டர் டப்பாவுக்கு ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகள் 50 கிராம், கூடவே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 45 முதல் 55 சதவீதத்துக்குள் நின்றால் நல்லது. ரொம்ப இறங்கினால் அட்டை மொறமொறப்பாகி முறியும். மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள்.

2024 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 48 செ.மீ. கொட்டியதே, அதுமாதிரி தண்ணீர் புகுந்து கட்டு மொத்தமும் நனைந்தால் வெயிலில் காயப்போட ஓடாதீர்கள். ஒட்டியபடியே காய்ந்தால் படம் உரிந்து பக்கத்துக் கார்டோடு போய்விடும். நல்ல தண்ணீரில் மிதக்கவிட்டு, ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிரித்து, படம் மேலே இருக்கும்படி நிழலில் ஃபேன் காற்றில் பரப்புங்கள். இரண்டு நாள் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அதற்குள் கை ஓயாதென்றால் அப்படியே ஜிப் கவரில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டு, நேரம் கிடைக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம்.