ஆசிரியரும் பெற்றோரும் ஒருவரே ஆகும்போது

பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே கற்பிக்கலாமா என்று நானும் என் கணவரும் ஒரு காலத்தில் தீவிரமாக யோசித்து, கடைசியில் பொதுப் பள்ளியையே தேர்ந்துகொண்டோம். அது தெரிந்தவர்கள் அவ்வப்போது என்னிடம் யோசனை கேட்பதுண்டு. எதிலிருந்து பிள்ளையை விலக்க நினைக்கிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். சக மாணவர்களின் துன்புறுத்தல், நீண்டநாள் உடல்நலக் குறைவு, வகுப்பின் வேகத்தோடு சற்றும் பொருந்தாத கற்றல் முறை என்று பதில் வந்தால் அதைப் பற்றி உடனே பேசத் தொடங்கிவிடலாம். பெரும்பாலும் வருவது மதிப்பெண் பற்றிய பதில்தான். அதிலும் இரண்டு வகை உண்டு. மதிப்பெண் அழுத்தத்தைக் குழந்தையால் தாங்க முடியவில்லை என்பவர்கள் ஒரு சாரார். இவனால் இன்னும் அதிகம் வாங்க முடியும், பள்ளியில்தான் சரியாகக் கவனிப்பதில்லை என்பவர்கள் மறு சாரார். இரண்டாவது சாரார்தான் எனக்குக் கவலை தருகிறார்கள்.

நாம் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளும் இந்த எண் எத்தனை உறுதியானது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1912-இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் எழுதிய இரண்டு ஆங்கிலத் தேர்வுத் தாள்களைப் படியெடுத்துப் பல பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 142 ஆசிரியர்களின் மதிப்பீடுகளை ஒப்பிட்டபோது, ஒரே தாளுக்கு ஒருவர் 64-உம் இன்னொருவர் 98-உம் போட்டிருந்தார்கள். மற்றொரு தாள் 50-லிருந்து 97 வரை சிதறிக் கிடந்தது. மொழிப் பாடம் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்ல, அடுத்த ஆண்டே அவர்கள் ஒரு வடிவியல் தாளை எடுத்துக்கொண்டார்கள். விடை சரியா தவறா என்று திட்டமாகச் சொல்லக்கூடிய அந்தப் பாடத்தில் மதிப்பெண்கள் இன்னும் அகலமாகச் சிதறின. விடைக்குறிப்பை முன்வைத்துத் திருத்தும் இன்றைய தேர்வுகளில் இந்த இடைவெளி குறைந்திருக்கும் என்றாலும், அது அறவே இல்லாமல் போய்விடவில்லை. மதிப்பெண் ஓரளவு செய்தி சொல்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் சென்ற தேர்வைவிட மூன்று மதிப்பெண் குறைந்துவிட்டது என்று ஒரு வீட்டில் இரவெல்லாம் வாக்குவாதம் நடக்கிறதென்றால், அங்கே அளக்கவே முடியாத ஒன்றைப் பற்றித்தான் சண்டை நடக்கிறது.

1988-இல் வெளியான ரூத் பட்லரின் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. மாணவர்களில் ஒரு பிரிவினருக்கு அவர்கள் செய்த வேலையைப் பற்றிய கருத்து மட்டும் எழுதித் தரப்பட்டது. இன்னொரு பிரிவினருக்கு மதிப்பெண் மட்டும். மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும். கருத்து மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் செயல்திறனும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்களோ மதிப்பெண் மட்டும் பெற்றவர்களின் நிலையிலேயே ஏறக்குறைய நின்றார்கள். ஆசிரியர் சிரத்தையோடு எழுதிய குறிப்பை அதன் பக்கத்தில் நின்ற எண் விழுங்கிவிட்டது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். திருத்திய தாளை வீட்டில் வாங்கிப் பார்க்கும்போது நம் கண்ணும் முதலில் அந்த எண்ணைத்தானே தேடுகிறது? அது எங்கே போகிறது என்பதைப் பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

பெற்றோரின் எதிர்பார்ப்பு பிள்ளைக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்வது உண்மையே. அதை மறுக்காமல் அதற்கொரு எல்லை உண்டு என்று காட்டியது, கோ முராயாமாவும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட கட்டுரை. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் ஏறத்தாழ 3,500 மாணவர்களின் கணிதத் திறனை ஆண்டுதோறும் சோதித்துத் தொகுத்த தரவுகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளை எந்த மதிப்பெண் வாங்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள், எந்த மதிப்பெண் வாங்க முடியும் என்று நம்புகிறீர்கள் என்று பெற்றோரிடம் தனித்தனியாகக் கேட்கப்பட்டிருந்தது. விருப்பம் உயர்ந்திருந்த வீடுகளில் பிள்ளைகள் பொதுவாக முன்னேறினார்கள். ஆனால் விருப்பம் நம்பிக்கையை மிஞ்சிப்போன வீடுகளில், அந்த மிகையோடு சேர்ந்து கணிதத் திறன் சரிந்தது. தன்னால் முடியாது என்று பெற்றோரே உள்ளூர நினைக்கும் ஒன்றைத் தன்னிடம் கேட்கிறார்கள் என்பதைப் பிள்ளை உணராமல் இருக்குமா?

வீட்டுவழிக் கல்விக்கு நான் எதிரி இல்லை. அதன் முன்னோடிகளில் ஒருவரான ஜான் ஹோல்ட், பல ஆண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தி, குழந்தைகள் அச்சத்தால் எப்படியெல்லாம் விடையை ஊகிக்கிறார்கள், ஆசிரியரின் முகத்தைப் பார்த்து எப்படி நழுவுகிறார்கள் என்று கவனித்தவர். பள்ளிகளைத் திருத்தலாம் என்ற நம்பிக்கையை இழந்த பிறகே அவர் வீட்டுக் கல்வியின் பக்கம் வந்து, 1977-இல் அதற்கென ஓர் இதழைத் தொடங்கினார். பள்ளியை அப்படியே பெயர்த்து வீட்டுக்குள் வைப்பது அவருடைய நோக்கமே இல்லை. ஆனால் மதிப்பெண்ணுக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்துவரும் பெற்றோர் பெரும்பாலும் அதைத்தான் செய்கிறார்கள்: கால அட்டவணை, வாரத் தேர்வு, சிவப்பு மை, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பீடு.

அப்போது பிள்ளை இழப்பது என்ன என்பதை யாரும் கணக்கிடுவதாகத் தெரியவில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குத் தன்னை மதிப்பிடுபவர் ஒருவர், தன்னை மதிப்பீடின்றி ஏற்றுக்கொள்பவர் வேறொருவர். கணக்கில் தோற்று வந்த நாளில் வீட்டில் வேறு முகம் பார்க்கலாம். வீட்டில் மனத்தாங்கல் நடந்த நாளில், அதைப் பற்றி ஒன்றும் அறியாத ஆசிரியரின் முன்னால் புதியவனாகப் போய் உட்காரலாம். தாயோ தந்தையோ ஆசிரியரும் ஆகிவிட்டால் இந்த இரண்டு வாசல்களும் ஒன்றாகிவிடுகின்றன. பெருக்கலில் செய்த பிழைக்காகக் காலையில் சுருங்கிய அதே முகம்தான் இரவில் போர்வையைச் சரிசெய்ய வருகிறது. மதிப்பிடும் வேலையையே கைவிடக்கூடிய பெற்றோருக்கு இது ஒரு சிக்கலே இல்லை, வீட்டுக் கல்வி அவர்களுக்குத்தான் பொருந்தும். கைவிட முடியாதவர்களுக்குப் பொதுப் பள்ளி, அதன் எல்லாக் குறைகளோடும், ஒரு பாதுகாப்பு.

வீட்டில் படித்த பிள்ளைகள் தேர்வுகளில் அதிகம் பெறுகிறார்கள் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். அதற்குப் பெரிதும் மேற்கோளாகக் காட்டப்படுவது 1999-இல் அமெரிக்காவில் லாரன்ஸ் ரட்னர் 20,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. அதில் பங்கேற்றவை தாமாக முன்வந்த குடும்பங்கள். படிப்பிலும் வருமானத்திலும் சராசரிக்கு மேலிருந்தவை. அதே பிள்ளைகள் பள்ளியில் படித்திருந்தால் எவ்வளவு பெற்றிருப்பார்கள் என்பதை அந்த ஆய்வால் சொல்ல முடியாது. இதை ரட்னரே எச்சரித்திருந்தும், மேற்கோள் காட்டுபவர்கள் அந்தப் பகுதியை வசதியாகத் தாண்டிவிடுகிறார்கள்.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக் கல்விக்கு இடமுண்டு, பிரான்ஸ் 2021-இல் இயற்றிய சட்டத்தால் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது, ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். இதை எதிர்த்து ஒரு ஜெர்மன் குடும்பம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனபோது, அறிவு பெறுவதோடு சமூகத்தில் கலந்து பழகுவதும் கல்வியின் நோக்கம் என்ற அரசின் நிலைப்பாட்டை ஏற்று 2006-இல் நீதிமன்றம் மனுவை நிராகரித்தது. தடை என்ற அளவுக்கு நான் போகமாட்டேன். துன்புறுத்தலில் சிக்கிய பிள்ளைக்கு மறுநாளே வீடு தேவைப்படலாம். ஆனால் பெற்றோர் அல்லாத பெரியவர்களோடு பிள்ளைக்குப் பழக்கம் வேண்டும் என்ற உள்கருத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. வீட்டில் கற்பித்து நன்றாக வந்த குடும்பங்கள் என்று எனக்குத் தெரிந்தவை எல்லாம், பிள்ளையின் வேலையைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வெளியாள் ஒருவரைத் தேடி வைத்திருந்தவைதாம்.

எங்கள் வீட்டில் மதிப்பெண் அட்டையைப் பிள்ளைகளே முதலில் பார்த்து, எந்தக் கேள்வியை மறுபடி எழுதினால் வேறு மாதிரி எழுதுவோம் என்று சொன்ன பிறகே நாங்கள் பார்க்கிறோம். உறவினர் கேட்டால் எண்ணைச் சொல்வதில்லை. இதில் என் கணவருக்கு இன்றும் முழு உடன்பாடு கிடையாது, நல்ல மதிப்பெண் வந்தால் சொல்லிக்கொள்வதில் என்ன தவறு என்பார். அந்த விவாதம் முடியவில்லை.

யோசனை கேட்பவர்களிடம் நான் கடைசியாகச் சொல்வது ஒன்றுதான். பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்துவதற்கு முன், ஒரு பருவம் முழுவதும் மதிப்பெண்ணைக் கேட்காமல் இருந்து பாருங்கள். அதற்குப் பதிலாக, திருத்தி வந்த தாளில் ஒரு விடையை எடுத்து ஏன் அப்படி எழுதினாய் என்று பிள்ளையை விளக்கச் சொல்லிக் கேளுங்கள். பருவம் முடியும்வரை அப்படி இருக்க முடிந்தால் வீட்டுக் கல்வியைப் பற்றி மேற்கொண்டு பேசலாம். இடையிலேயே எண்ணைக் கேட்டுவிட்டால் பிள்ளை பள்ளியிலேயே இருக்கட்டும்.