124ஆம் எண் வீடு

பேய் வீட்டு நாவல்களில் என் மனதை விட்டுப் போகாதது டோனி மாரிசனின் 'பிலவ்ட்' (1987).

அமெரிக்காவின் சின்சினாட்டி, 1873. புளூஸ்டோன் ரோட்டில் 124ஆம் எண் வீடு. முகம் பார்த்தாலே கண்ணாடி உடைகிறது. கேக்கில் பிஞ்சுக் கைத்தடம் விழுகிறது. மகன்கள் இருவரும் ஓடிப்போகிறார்கள். அம்மா சேத்தியும் மகள் டென்வரும் அங்கேயே கிடக்கிறார்கள், ஏனென்றால் அந்தப் பேய் சேத்தி பெற்ற குழந்தை. கென்டக்கி பண்ணையிலிருந்து தப்பி வந்த அடிமை அவள். பிடித்துப்போக ஆள் வந்தபோது, பிள்ளை திரும்ப அங்கே போகக்கூடாதென்று தன் கையாலேயே கொன்றவள். 1856இல் மார்கரெட் கார்னர் என்ற தாய் நிஜமாகவே செய்தது இது. நாவலின் விதை அதுதான்.

நான் திரும்பத் திரும்பப் படிப்பது சேத்தியின் மாமியார் பேபி சக்ஸ் காட்டுவெளியில் தன் சனங்களிடம் பேசும் இடத்தை. உங்கள் கையை, கழுத்தை, ஈரலை, இதயத்தை நீங்களே நேசியுங்கள், வெளியே யாரும் நேசிக்கப் போவதில்லை என்கிறாள். விலைபோட்டு விற்கப்பட்ட உடம்புகளிடம் சொல்கிறாள் இதை! பேயை ஓட்டுவதைவிடப் பெரிய காரியம் அது.

சேத்திக்கோ பிள்ளைகள்தான் தன்னில் சிறந்தது. இல்லை, நீயேதான் என்று, அதே பண்ணையில் அவளோடு அடிமையாயிருந்த பால் டி முடிவில் சொல்லும்போது, "நானா?" என்கிறாள். அழுதுவிட்டேன்.

காலம் முன்னும் பின்னும் தாவும், ஆரம்பத்தில் குழப்பும். விட்டுவிடாதீர்கள். பிள்ளையை இழந்தவர்களுக்குக் கொடுப்பதானால் மட்டும் கதையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.