55 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதைச் சுற்றிப் பூட்டியவையும்

இறக்கை முனைக்கு முனை 2.2 மீட்டர் உள்ள, ரேடியோ ரிமோட்டில் பறக்கும் மாதிரி சாகச விமானம் இது. ஒற்றை இறக்கை விமானம் 80 அங்குலத்தையும் இரட்டை இறக்கை விமானம் 60 அங்குலத்தையும் எட்டினால் ராட்சத அளவு என்பது பரவலான கணக்கு. எஞ்சின் தேடும் முன் சட்டகம், சர்வோக்கள் (அசையும் பகுதிகளை இயக்கும் சிறு மோட்டார்கள்), சக்கரம், பேட்டரி, மஃப்ளர், எரிபொருள் எல்லாவற்றின் எடையையும் கூட்டிப் பார்த்தோம். 7.8 கிலோ வந்தது. நிதானமாகப் பறக்கும் ஸ்கேல் மாடலுக்கு (நிஜ விமானத்தின் சிறு நகல்) எடையில் முக்கால் பங்கு இழுவிசை போதும். செங்குத்தாக ஏறி அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் ஒன்றரை மடங்கு, அதாவது 12 கிலோ அளவுக்கு வேண்டும்.

டிஏ-50, டிஎல்இ-55 போன்ற ஒற்றை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் இந்த எடைக்கென்றே அமைந்தவை. 55 சிசியை எடுத்தோம். எதிரெதிர் இரட்டை சிலிண்டரில் அதிர்வு குறைவுதான். ஆனால் அதன் அகலம் எங்கள் கவுலிங்குக்குள் (எஞ்சினை மூடும் மூக்கு உறை) அடங்கவில்லை. 85 சிசியைப் பூட்டும் ஆசை பலருக்கு வரும்; தயவுசெய்து வேண்டாம். மூக்கில் ஏறும் எடையை வாலில் ஈயம் வைத்துச் சரிக்கட்ட வேண்டிவரும், பெரிய புரொப் (முன்விசிறி) தரையைத் தொடும், எஞ்சின் பூட்டும் பலகையான ஃபயர்வாலும் தாங்காது.

புரொப்புக்கு 23x8, 22x10 இரண்டையும் பார்த்தோம். முதல் எண் விட்டம், இரண்டாவது பிட்ச், அதாவது ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்; இரண்டும் அங்குலத்தில். நிமிடத்துக்கு 6,500 சுற்றில் 8 அங்குல பிட்ச் மணிக்கு ஏறக்குறைய 79 கிலோமீட்டரும், 10 அங்குல பிட்ச் 99 கிலோமீட்டரும் தரும். வேகம் வேண்டாம், இழுவை வேண்டும் என்பதால் 23x8. புரொப்பில் போல்ட் துளையிட ஜிக் (துளைக்கு வழிகாட்டும் அச்சு) இல்லாமல் கைத்துளைப்பானை வைக்கக் கூடாது. சிறிது விலகினாலும் அதிர்வு கூடும். மரப் புரொப் அழுந்திக் கொடுக்கும். முதல் சில பறப்புகளுக்குப் பிறகு எம்5 போல்ட்களை மூலைக்கு மூலை மாற்றி மீண்டும் இறுக்க வேண்டும்.

உண்மையில் இந்த வேலையின் பெரும்பகுதி அதிர்வோடு மல்லுக்கட்டுவதுதான். பாதி கட்டப்பட்டு வரும் விமானங்களில் ஃபயர்வால் ஒட்டு பெரும்பாலும் பெயரளவுக்கே இருக்கும். 6 மில்லிமீட்டர் பர்ச் பிளைவுட் பலகையின் உள்மூலைகள் எல்லாவற்றிலும் முக்கோண மரச்சட்டம் வைத்து, 30 நிமிட எப்பாக்சியால் ஒட்டினோம். பக்கவாட்டிலிருந்து மரக்குச்சிகளையும் அடித்து இறக்கினோம். பலகையின் முகத்தில் மெல்லிய எப்பாக்சிப் பூச்சு கட்டாயம். எண்ணெய் மரத்தில் ஊறினால் ஒட்டு மெல்ல விட்டுப்போகும். போல்ட்டுகளுக்குப் பின்னால் அகலமான வாஷர், உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை). மஃப்ளர் போல்ட்டுக்கு மட்டும் அது உதவாது, சூட்டில் பிடி தளர்ந்துவிடும். அங்கே பல்பூட்டு வாஷர்தான் நின்றது.

மெத்தனால் எரிபொருளில் ஓடும் கிளோ எஞ்சினிலிருந்து வருபவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் எரிபொருள் குழாய். சிலிக்கான் குழாய் பெட்ரோலில் உப்பிப் பிதுங்கும். பெட்ரோலைத் தாங்கும் டைகான் குழாய்தான் வேண்டும், ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு கட்டுப்பட்டை. 500 மில்லி டேங்க், உள்ளே எரிபொருளை உறிஞ்சும் ஃபெல்ட் முனை. டேங்குக்குள் இருக்கும் குழாய் நாளாக நாளாக விறைக்கும், அப்போது முனை எரிபொருளைத் தேடித் திரும்பாது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். புது எஞ்சினைப் பழக்கும் காலத்தில் பெட்ரோலும் எண்ணெயும் 30:1 கலந்தோம், லிட்டருக்கு 33 மில்லி எண்ணெய். பிறகு 40:1, அதாவது 25 மில்லி. கையேடு வேறு சொன்னால் கையேடே முதல்.

வால்ப்ரோ கார்புரேட்டரில் ஒரு நுணுக்கம் உண்டு. அதன் டயஃப்ரம் (எரிபொருள் வரத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சவ்வு) மூடியில் சிறு காற்றுத் துளை இருக்கும். கவுலிங்குக்குள் பாயும் காற்று அந்தத் துளையை அழுத்தினால் தரையில் சரியாக இருந்த கலவை வானில் மாறிவிடும். கலவையைத் திருத்தும் ஊசியை எத்தனை முறை திருகினாலும் இது தீராது. மூடியில் சிறு பித்தளைக் குழாயைப் பற்றவைத்து, அதிலிருந்து ஒரு டியூபை உடற்பகுதிக்குள் விட்டதும் கலவை நிலையாக நின்றது. சூட்டுக்கு, காற்று வெளியேறும் வாயை உள்ளே வரும் வாயைவிட இரண்டரை மடங்கு பெரிதாக வெட்டி, காற்று சிலிண்டர் துடுப்புகளின் ஊடே போகும்படி தடுப்பு வைத்தோம்.

பிளக்குக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் பெட்டியை நுரையில் சுற்றி எஞ்சின் பெட்டியிலும், ரிசீவரை அதிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இறக்கைக்குப் பின்னாலும் வைத்தோம். த்ராட்டில் கம்பி நைலான். உலோகக் கம்பி இரைச்சலை ரிசீவர் வரை கடத்திக்கொண்டு போகும். என்ஜிகே சிஎம்-6 பிளக்கின் இடைவெளி 0.45 மில்லிமீட்டர், தொப்பி கடைசி வரை அமர்ந்திருக்க வேண்டும், அரைகுறையாக இருந்தால் அதுவே ரேடியோ இரைச்சலுக்கு ஊற்று. இக்னிஷனுக்குத் தனி பேட்டரி, ரிமோட்டிலிருந்து அணைக்க ஆப்டிகல் சுவிட்ச். ரிசீவருக்கு 6.6 வோல்ட் லைஃபி பேட்டரி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச்.

ஐலரான் (இறக்கையின் அசையும் பகுதி), எலிவேட்டர்களுக்கு (வாலின் கிடையான அசையும் பகுதி) 20 கிலோ-செ.மீ. முறுக்குவிசை உள்ள சர்வோ, ரடருக்கு (வாலின் செங்குத்தான அசையும் பகுதி) 30. விளம்பரத்தில் போடும் எண் பெரும்பாலும் 7.4 வோல்ட்டுக்கானது, 6.6 வோல்ட்டில் குறையும் என்பதை வைத்தே தேர்ந்தோம். உலோகப் பல்சக்கரம், அலுமினியக் கை, 3 மில்லிமீட்டர் கம்பி, இருமுனையிலும் பந்து இணைப்பு. விரலால் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. அந்தச் சிறு ஆட்டம்தான் வேகத்தில் ஃபிளட்டராகி (கட்டுக்கடங்காத படபடப்பு) ஐலரானைப் பிய்க்கும்.

லோ (மெதுவான ஓட்டத்துக்கு), ஹை (உச்ச ஓட்டத்துக்கு) என்ற இரு ஊசிகளையும் ஒன்றரைச் சுற்று திறந்து, வாலைக் கட்டிவிட்டு முதலில் ஓட்டினோம். த்ராட்டிலைத் திடீரென ஏற்றும்போது எஞ்சின் அணைந்தால் லோ ஊசியில் கலவை மெலிவு (பெட்ரோல் குறைவு), புகைந்து தடுமாறினால் செறிவு (பெட்ரோல் அதிகம்). ஹை ஊசியை உச்சச் சுற்றில் வைத்துவிட்டுக் கொஞ்சம் செறிவாகத் திருப்பினோம். ரேடியோ எட்டும் தூரத்தைப் பார்க்கும் ரேஞ்ச் சோதனையை எஞ்சின் ஓடும்போதே செய்ய வேண்டும், சிக்னல் அறுந்தால் இயங்கும் ஃபெயில்சேஃப் த்ராட்டிலை ஐட்லுக்கு இறக்குகிறதா என்றும் அப்போதே பார்க்கலாம். இரண்டாவது டேங்க் தீர்ந்தபின் கவுலிங்கைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு மஃப்ளர் போல்ட் கால் சுற்றுத் தளர்ந்திருந்தது. பல்பூட்டு வாஷர் அதற்குப் பிறகுதான் வந்தது.