பம்பர் ஜாக்கியின் பிறந்த மாதம்

அப்பா விட்டுச்சென்ற 1964-ஆம் ஆண்டு செவர்லே இம்பாலா காரைச் சென்ற ஆண்டு ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தபோது, எஞ்சினும் பிரேக்கும் தராத தலைவலியை ஒரு ஜாக்கி தந்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெரு இறக்கமானது என்பதால், சக்கரம் கழற்றுமுன் மற்றொரு சக்கரத்துக்குச் செங்கல்லால் முட்டுக் கொடுக்க வேண்டும் என்பது அப்பா எங்களுக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். செங்கல் இருந்தது, வண்டியின் பின்புறச் சாமான் அறையான பூட்டைத் திறந்து பார்த்தால் ஜாக்கியைத்தான் காணோம்.

இன்றைய கார்களோடு வரும் கத்திரி ஜாக்கி வண்டியின் அடிவிளிம்பைத் தாங்குகிறது. அக்கால அமெரிக்கக் கார்கள் பலவற்றுக்குக் கொடுக்கப்பட்டது பம்பர் ஜாக்கி. தரையில் பதியும் அடித்தட்டு, அதில் செருகி நிற்கும் பல் வெட்டிய இரும்புக் கம்பம், அந்தக் கம்பத்தில் பல் பல்லாக ஏறும் பொறி, பொறியிலிருந்து நீண்டு பம்பரைப் பிடிக்கும் கொக்கி, கைப்பிடியாகவும் வீல் ஸ்பேனராகவும் பயன்படும் தண்டு ஆகியவை சேர்ந்ததே அது. இவை தனித்தனியாகப் பிரியக்கூடியவை. அறுபது ஆண்டுகளில் எத்தனையோ கராஜ்களில் ஒன்றோடொன்று கலந்தும் போயிருக்கும். ஆகவே, “இந்த ஜாக்கி அசலா?” என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒவ்வொரு உறுப்பையும் தனியே விசாரிக்க வேண்டும்.

இதைப் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். டர்பனில் பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் ஒருவர், “உங்கள் இம்பாலாவுக்கே உரியது” என்று உறுதி கூறி ஒரு ஜாக்கியைத் தலையில் கட்டினார். துருவைக் கண்டு நானும் மயங்கிவிட்டேன். துருவுக்கு வயது தெரியுமே தவிர, மாடல் தெரியாது. வீட்டில் பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், ஊறவைத்துக் கம்பித் தூரிகையால் தேய்த்தபோது, ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் இலக்கமும் மெல்லத் தலைகாட்டின: பி, 9. செவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கார்களோடு வந்த பல ஜாக்கிகளில் இத்தகைய தேதிக் குறி அடிக்கப்பட்டிருக்கும். எழுத்து மாதத்தைக் குறிக்கும், ஏ என்றால் ஜனவரி; இலக்கம் ஆண்டின் கடைசி எண். அந்தக் கணக்குப்படி என் கையில் இருந்தது ஏதோ ஒரு பிப்ரவரியில் பிறந்த ஜாக்கி. ஆனால் 1959-இன் பிப்ரவரியா, 1969-இன் பிப்ரவரியா என்பதை அந்த ஒற்றை இலக்கம் சொல்லாது.

பதிலைச் சொன்னது கொக்கிதான். பிற்கால மாடல்கள் சிலவற்றில் ஜாக்கிக்கென்றே பம்பரில் துளை வெட்டியிருப்பார்கள். நான் வாங்கிய கொக்கியின் முனை அத்தகைய துளைக்குள் நுழையும் நாக்கு போல ஒடுங்கியிருந்தது. என் வண்டியின் பம்பரில் துளையே இல்லை. அதன் கீழ்விளிம்பில் வைத்துப் பார்த்தேன். அரை அங்குலம் கூடப் பிடிக்காமல் வழுக்கியது. அதை நம்பி அந்தக் கனத்த வண்டியைத் தூக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை. பம்பரின் வளைவு மாடலுக்கு மாடல் மாறுவதால் கொக்கியும் மாறுகிறது. விற்பவர் வாக்கை விட பம்பரே நம்பத்தகுந்த சாட்சி.

அசல் ஜாக்கியின் கம்பம் பிறகு அத்தை வீட்டுத் தோட்டத்தில் அகப்பட்டது. இருபது ஆண்டுகளாக அது பாகற்கொடிக்கு ஊன்றுகோலாக நின்றிருக்கிறது. “எடுத்துக்கொண்டு போ, ஆனால் கொடி சாயக்கூடாது” என்றார் அத்தை. மூங்கில் கழி ஒன்றை நட்டுக் கொடுத்துவிட்டுப் பிடுங்கினேன். பொறியும் கொக்கியும் அவருடைய கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் கிடந்தன. பொறியில் சி, 4 என்று இருந்தது: அதாவது 1964 மார்ச். கொக்கி பம்பரின் விளிம்பில் அசைவின்றி அமர்ந்தது. கம்பத்தின் நடுப்பகுதிப் பற்கள் மட்டும் தேய்ந்திருந்தன. கொக்கி பம்பரைத் தொடும் உயரத்தில் பொறி நிற்கும் இடமும் சரியாக அதுவே. புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் பஞ்சரான சக்கரங்களின் கணக்கு அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது.

தேதியை வண்டியோடு ஒப்பிடும்போது ஒன்றை மறக்கக்கூடாது. ஜாக்கி காருக்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும். பின்னால் பிறந்திருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். எவ்வளவு முன்னால் என்பதில்தான் எங்கள் ஊர் வண்டிகள் வேறுபடுகின்றன. 1926 முதல் ஜெனரல் மோட்டார்ஸின் தென்னாப்பிரிக்கத் தொழிற்சாலை போர்ட் எலிசபெத்தில், அதாவது இன்றைய கெபெர்ஹாவில், இயங்கியது; எங்கள் இம்பாலாவும் அங்கே பாகங்களை இணைத்து உருவாக்கப்பட்டதுதான். பாகங்கள் பெட்டிகளில் அடைபட்டுக் கப்பலேறி வந்து சேரும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். போதாக்குறைக்கு, உள்நாட்டுப் பாகங்களின் எடையைக் கொண்டு தொழிற்சாலைகளை அளக்கும் அரசுத் திட்டம் 1960-களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால், சில பாகங்கள் இங்கேயே செய்யப்பட்டவையாகவும் இருக்கலாம். எனவே அமெரிக்கச் சேகரிப்பாளர்களின் அளவுகோலை இங்கே அப்படியே வைப்பது, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஜாதகத்தை நம் பிள்ளைக்குப் பார்ப்பது போலாகும்.

அடித்தட்டு இன்னும் ஐயத்துக்குரியது. அதில் எந்தக் குறியும் தெரியவில்லை. கம்பம் அதன் குழியில் சற்றே ஆடுகிறது. தண்டு கிடைக்கவே இல்லை. இப்போது பூட்டில் இருப்பது முக்கால் அங்குல நட்டுக்குப் பொருந்தும் ஒரு புது வீல் ஸ்பேனர். துருவை நீக்கி எண்ணெய் பூசினேனே தவிர, கம்பத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கவில்லை. அடித்தால் பற்களின் தேய்மானம் மறைந்துவிடும்.