இரைப்பைப் புற்றுநோயும் வெட்டுமேசை வேலையும்

அறுவை சிகிச்சையில் அகற்றிய இரைப்பை நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு வந்ததும் பெருவளைவு (அதன் நீண்ட வெளிவளைவு) வழியாக வெட்டித் திறப்போம். கட்டி அங்கேயே இருந்தால் மட்டும் வேறு பக்கமாக. பலகையில் விரித்து ஊசி குத்தி, திசுவைப்போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் (திசு கெடாமல் பதப்படுத்தும் திரவம்) ஓர் இரவாவது ஊறவிட வேண்டும். அவசரப்பட்டு அன்றே துண்டு போட்டால் சுவர் மடங்கி, கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று சரியாக அளக்க முடியாது.

நோயின் நிலை அந்த ஆழத்தில்தான் தொடங்குகிறது. அதைக் குறிக்கும் எழுத்து டி: உட்புறச் சளிப்படலத்தையும் அதற்கு அடுத்த அடுக்கான சப்மியூகோசாவையும் தாண்டாதது டி1. தசையில் நின்றால் டி2. தசையைக் கடந்து வெளியுறைக்கு அடியில் நின்றால் டி3. வெளியுறையைத் துளைத்தால் டி4ஏ. அதன்பின் செல்கள் வயிற்றறைக்குள் உதிர்ந்து அதன் உட்சவ்வான பெரிட்டோனியத்தில் ஒட்டி வளரும்.

1965-இல் நோய்க்குறியியல் மருத்துவர் லாரன் பிரித்துக் காட்டிய இரைப்பைப் புற்றின் இரண்டு வகைகள் இன்றும் பயன்படுகின்றன. குடல் வகை பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் வரும் நெடுநாள் அழற்சியில் தொடங்கி, படிப்படியாக உருவாகிறது. இரத்தம் வழியே கல்லீரலுக்குப் போவது இதில் அதிகம். பரவல் வகைதான் எங்களைத் தூங்கவிடாதது. செல்களைப் பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் புரதம் செயலிழப்பதால் அவை தனித்தனியாகச் சுவருக்குள் ஊடுருவும். மேற்பரப்பு நன்றாகவே தெரியும். சுவரோ தடித்து விறைத்துக் கிடக்கும். எண்டோஸ்கோபியில் மேலோட்டமாக எடுத்த பயாப்சியில் ஒன்றும் தெரியாமல் போவது இதனால்தான். அறுவையில் வெட்டிய விளிம்பை வெறும் கண்ணால் பார்த்து ‘சுத்தம்’ என்று எழுதவே கூடாது. இவ்வகையில் வரும் மோதிர வடிவ சிக்னெட் ரிங் புற்றுசெல்கள், நுண்ணோக்கியில் மேக்ரோஃபேஜ் (கழிவை விழுங்கும் சாதாரண செல்) போலவே தோன்றி ஏமாற்றும். சந்தேகம் வந்தால் புற்றுசெல்லைத் தனித்துக் காட்டும் சைட்டோகெரட்டின் சாயம் போட்டுவிட வேண்டும்.

அதிகப் பொறுமை கேட்பது, இரைப்பையை ஒட்டிய கொழுப்பில் நிணநீர்க் கணு தேடல். குறைந்தது 16 கணுக்களாவது கிடைக்க வேண்டும். கணுக்களுக்கான எழுத்து என்: 1–2 கணுக்களில் புற்று இருந்தால் என்1, 3–6 என்றால் என்2, 7 அல்லது அதற்கு மேல் என்3. ஆறே கணுக்களைப் பார்த்துவிட்டு ‘பரவவில்லை’ என்றால், அந்த நோயாளிக்குத் தேவையான கீமோதெரபியே தவறிப்போகலாம். பெரிய கணுவை மட்டும் தேடினால் போதாது. 3, 4 மில்லிமீட்டர் கணுவிலும் புற்று ஒளிந்திருக்கும். கொழுப்பை மெல்லியதாகச் சீவி விரல் நுனியால் அழுத்திப் பார்த்தால் பயறுபோல உருளும். எண்ணிக்கை குறைந்தால் மீதிக் கொழுப்பை மறுபடி ஃபார்மலினில் போட்டு, மறுநாள் வேறொருவர் கையில் கொடுத்துத் தேடச் சொல்வது நல்ல வழக்கம்.