மேலே போன தீர்மானங்கள்

ஊராட்சிச் செயலருக்கு வேலைகள் பல. வீட்டுவரி ரசீது, குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, நூறு நாள் வேலைக் கணக்கு என்று பட்டியல் நீளும். என்னைக் கேட்டால், இவற்றில் முக்கியமானது தீர்மானப் புத்தகம் எழுதுவதுதான். கிராம சபையில் ஊரே கூடிப் பேசுவதை நான்கு வரிக்குள் அடக்குகிறவன் நான். அந்த நான்கு வரி சரியில்லை என்றால், பேசியவர்கள் பேசாதவர்களாகவே ஆகிவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. கூட்டப் பொருளில் பெரும்பகுதி மேலிடத்திலிருந்து அச்சாகியே வந்துவிடும். 2022-இல் மாநிலக் காலநிலை மாற்ற இயக்கம் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் அதற்கு ஓர் அமைப்பு உண்டு, மாவட்ட வன அலுவலரே காலநிலை அலுவலர். அதன் பிறகு எங்கள் கூட்டப் பொருளிலும் அந்தச் சொல் ஏறியது. ஆனால் அதன் கீழே இருந்தவை பழையவைதாம்: மரக்கன்று நடுதல், நெகிழி ஒழித்தல், மஞ்சப்பை. படித்ததும் கை தூக்குவார்கள், ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்று எழுதுவேன். மரக்கன்றை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஊரைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

எங்கள் ஊர் தாமிரபரணியில் பிரியும் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பாபநாசம் அணையில் என்றைக்குத் தண்ணீர் திறக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இங்கே கல்யாணத்துக்குக்கூட நாள் பார்ப்பார்கள். மலையில் தென்மேற்குப் பருவமழை பிந்தினால் கார் என்கிற முதல் போக நெல் போகும், வடகிழக்குப் பருவமழை மிஞ்சினால் பிசானம் என்கிற அடுத்த போகம் போகும். இந்தக் கணக்கு மாறி வருவதை அறிக்கைகள் சொல்வதற்கு முன்பே சொன்னவர்கள் வயலில் இருப்பவர்கள். கார் நெல்லை விட்டுவிட்டு வாழைக்குப் போனவர்களைக் கேட்டால் காரணம் சொல்வார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடியது. எங்கள் குளத்தில் மிகுநீர் வழியும் மறுகாலுக்கு மேல் இடுப்பளவு தண்ணீர் நின்று, மறுநாள் கரை ஓரிடத்தில் உடைந்தது. நடவு முடிந்திருந்த பிசான வயல்கள் மணல்மேடாயின.

அடுத்து வந்த ஜனவரி 26 கிராம சபையில் கூட்டப் பொருளை யாரும் சீந்தவில்லை. குளத்தைப் பற்றியே பேச்சு. தலைமுறையாக நீர்பாய்ச்சும் வேலை பார்க்கும் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார். வழக்கமாகப் பின்வரிசையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பவர். “தம்பி, மழை அதிகம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மறுகால் ஓடை முன்னே எட்டு ஆள் கைகோத்து நிற்கிற அகலம். இப்போது மூன்று ஆள் நின்றால் இடிக்கும். தண்ணீர் எங்கே போகும்?” என்றார். எந்த இடத்தில் கருவேலம் அடைத்திருக்கிறது, யார் வரப்பு ஓடைக்குள் இறங்கியிருக்கிறது, எந்த மடையின் பலகை பத்து வருடமாக இறங்குவதே இல்லை என்று வரிசையாகச் சொன்னார். வரப்பை இறக்கியவரும் கூட்டத்தில்தான் இருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

இதை எழுதுவதில்தான் என் தொழில் இருக்கிறது. ‘குளத்தைச் சீரமைக்க வேண்டுமென்று பொதுமக்கள் கோரினர்’ என்று எழுதினால் ஒன்றிய அலுவலகத்துக் கோப்பில் அது நிம்மதியாகத் தூங்கும். நாற்பது எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், உள்ள குளம் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. எங்கள் குளம் பெரியது. ஆக, கிராம சபை தனக்குச் சொந்தமில்லாத சொத்தைப் பற்றித் தீர்மானம் போடுகிறது. அதனால் கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடம் வாங்கி, ஓடையின் புல எண், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, பழுதான மடையின் பெயர், பதில் சொல்ல வேண்டிய உதவிச் செயற்பொறியாளர் யார் என்று அனைத்தையும் எழுதினேன். கடைசி வரியாக, ‘எடுக்கப்பட்ட நடவடிக்கையை அடுத்த கிராம சபைக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று சேர்த்தேன். அந்தக் கடைசி வரி இல்லாத தீர்மானங்கள் எங்கள் பழைய புத்தகங்களில் ஏராளம். மேலே போனவை, போனவைதான்.

மாவட்டத் தலைநகரில் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் போயிருக்கிறேன். திரையில் வெப்பநிலைக் கோடு ஏறிக்கொண்டே போனது. பேசிய ஆய்வாளர் உண்மையிலேயே நன்றாகப் பேசினார். பிறகு, ‘உங்கள் கருத்து’ என்று ஒலிபெருக்கியை நீட்டினார்கள். ஒரு விவசாயி, அணை திறக்கும் தேதியை முடிவு செய்யும் கூட்டத்தில் கடைமடைக்காரர்களுக்கு இடம் உண்டா என்று கேட்டார். அது இன்றைய பொருளில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பிஸ்கட்டும் தேநீரும் வந்தன. 1992-இல் கையெழுத்தான ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் ஆறாவது பிரிவே மக்கள் பங்கேற்பைப் பேசுகிறது. அந்த விவசாயி கேட்டதைவிட நேரான பங்கேற்புக் கேள்வி வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

பெண்கள் கேட்டது இன்னொன்று. நூறு நாள் வேலையில் வருகைப் பதிவுக்குக் காலையிலும் பிற்பகலிலும் இருமுறை படம் எடுத்துச் செயலியில் ஏற்ற வேண்டும். இது 2023 ஜனவரி முதல் எல்லா வேலைத் தளங்களிலும் கட்டாயமானது. ஏப்ரல், மே வெயிலில் பதினோரு மணிக்குள் மண் வேலையை முடித்துவிட்டு, இரண்டாவது படத்துக்காகப் பனை நிழலில் காத்துக் கிடப்பார்கள். “விடியற்காலையில் வருகிறோம், வெயில் ஏறுமுன் எங்களை விட்டுவிடுங்கள்” என்றார் ஒரு பெரியம்மா. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் நிவாரணம் உண்டு. சாகாமல் இருக்க வழி கேட்ட பெரியம்மாவின் பேச்சை வெப்பத் தணிப்பு என்ற தலைப்பில் பதிவு செய்தேன். தலைப்பு சரியாக இருந்தால்தானே கோப்பு சரியான மேசைக்குப் போகும்.

வெளிநாட்டு முயற்சிகளையும் அவ்வப்போது படிப்பதுண்டு. பிரான்சில் 2019-இல் 150 குடிமக்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் காலநிலைக் கொள்கை பற்றிப் பேசவைத்தார்கள். 149 பரிந்துரைகள் வந்தன. பின்னால் வந்த சட்டத்தில் பலவும் நீர்த்துப் போய்விட்டன என்ற புகாரும் வந்தது. குலுக்கல் நமக்குப் புதிதல்ல, உத்திரமேரூர்க் குடவோலையை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். நம் மானூரை யாரும் சொல்வதில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே உள்ள அந்த ஊரில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்துக் கல்வெட்டு ஒன்று சபையில் யார் இருக்கலாம் என்று விதிக்கிறது. நிலமும் கல்வியும் உள்ளவர்களுக்கான சபை அது. என் பெரியம்மாவுக்கு அதில் இடம் கிடைத்திருக்காது. ஆனால் ஒரு விதி சுவையானது: வந்த யோசனைக்கெல்லாம் வேண்டுமென்றே மறுப்புச் சொல்லிக்கொண்டிருப்பவருக்கு ஐந்து காசு தண்டம். இன்றைய நிலைமைக்கு, எல்லாவற்றுக்கும் படிக்காமலே கை தூக்குகிறவர்களுக்குத்தான் தண்டம் போட வேண்டும். முதல் வசூல் என்னிடமிருந்தே தொடங்கலாம்.

குளத் தீர்மானத்துக்குப் பதில் வந்தது. தாமதமாக, ஆனால் எழுத்தில். பொறியாளர் நேரில் வந்தார். பெரியவர் முன்னே நடக்க, ஓடை நெடுக நடந்தார்கள். கருவேலத்தை வெட்டித் தூர்வாருவதற்கு மதிப்பீடு தயாரானது. அதோடு பிரச்சினை முடியும் என்று நினைத்தவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே. ஓடை போய்ச் சேருவது கீழூர்க் குளத்தில். நாங்கள் ஓடையை அகலப்படுத்தினால் அடுத்த வெள்ளம் தங்கள் தெருவுக்குள் வரும் என்று கீழூர்க்காரர்கள் தங்கள் கிராம சபையில் எதிர்த் தீர்மானம் போட்டுவிட்டார்கள். அதுவும் ஏகமனதாக. தவறு என்று சொல்ல முடியவில்லை. தண்ணீர் ஊராட்சி எல்லை பார்த்து ஓடுவதில்லை, கிராம சபை எல்லைக்குள்தான் கூட முடியும்.

இப்போது இரண்டு ஊர்ப் பெரியவர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இப்படியொரு கூட்டத்துக்குச் சட்டத்தில் பெயர் கிடையாது, அதனால் இரண்டு செயலர்களும் ஒரே வாசகத்தை அவரவர் புத்தகத்தில் எழுதுவதாகப் பேசி வைத்திருக்கிறோம். தூர்வாருவதற்குக் கீழூர் சம்மதித்துவிட்டது. அகலப்படுத்த வேண்டுமானால் முதலில் தங்கள் ஊர்ப் பாலத்தின் கண்களைப் பெரிதாக்க வேண்டும் என்கிறார்கள். பாலம் நெடுஞ்சாலைத் துறையுடையது.