வண்டிக்கு அடியில் உறையும் பனி: குளிர்கால நாட்குறிப்பு

டிசம்பர் 4. காற்று −3°, சாலையில் உப்பு

இந்தப் பருவத்தின் முதல் பனிச்சேறு. உப்பு தூவிய சாலையில் பனி முழுதாக உருகாமல் கூழாகக் கிடக்கிறது. டயர் அதை வாரி வீல் ஆர்ச்சுக்குள் (சக்கரத்துக்கு மேலே வளைந்த குழி) அடிக்கிறது. அங்கே உப்புநீர் வடிந்துவிடும். பனித்துகள் மட்டும் அந்தக் குழியின் உள்ளுறையான லைனரில் ஒட்டி, அடுக்கடுக்காக இறுகும்.

பலரும் பயப்படுவது −25° நாட்களுக்கு. வண்டியின் அடிப்பக்கத்துக்கு அவை நல்ல நாட்கள். பனி மாவுபோல் உலர்ந்து கிடக்கும், எதிலும் ஒட்டாது. தொல்லையெல்லாம் 0°க்கும் −8°க்கும் நடுவில்தான். பகலில் கூழ், இரவில் கல்.

டிசம்பர் 5. காலை −9°

நேற்றைய கூழ் கல்லாகிவிட்டது. இப்படிப்பட்ட காலையில் சாலைக்கு ஏறும் முன், நடை வேகத்தில் ஸ்டீயரிங்கை இடக்கோடி, வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். கரகரவென உரசினாலோ, வழக்கமான இடத்துக்கு முன்பே நின்றாலோ, டயருக்குப் பின்னால் பனிக்கட்டி இருக்கிறது. அழுத்தித் திருப்பினால் லைனரின் பிளாஸ்டிக் கிளிப்கள் உடையும். லைனர் தொங்கி டயரில் மாட்டும். நேர்ச்சாலையில் எந்த அறிகுறியும் தெரியாது. வளைவில்தான் வண்டி திரும்ப மறுக்கும்.

எடையும் கொஞ்சமில்லை. ஒரு லிட்டர் பனிக்கட்டி சுமார் 0.92 கிலோ. ஒரு வீல் ஆர்ச்சில் பத்து லிட்டர் சேர்ந்தால் 9 கிலோ. நான்கிலும் சேர்ந்தால் 36 கிலோவுக்கு மேல்.

டிசம்பர் 6. −4°

அகற்றும் முறை. நேரம்தான் முக்கியம்: வண்டியை நிறுத்தியவுடன், கூழ் இறுகும் முன். அப்போது கையுறை போட்ட கையாலேயே தள்ளிவிடலாம். மறுநாள் காலைக்குத் தள்ளிப்போட்டால் அதே வேலை பத்து மடங்கு.

தொங்கும் கட்டியைக் காலணிக் குதிகாலால் பக்கவாட்டில் தட்டினால் பெயரும். உள்ளே இருப்பதற்கு மரக்கட்டையோ ரப்பர் சுத்தியலோ போதும்; இரும்பு வேண்டாம், குளிரில் பிளாஸ்டிக் நொறுங்கும். சக்கரத்துக்குப் பின்னால் பிரேக் குழாயும் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) சென்சார் கம்பியும் போகின்றன. அந்தப் பக்கமாகக் குத்தவோ நெம்பவோ கூடாது. முழுதும் சுத்தமாக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம்: ஸ்டீயரிங் இரு கோடிக்கும் உரசாமல் திரும்பினால் போதும்.

வெந்நீர் ஊற்றுவது கெட்ட யோசனை. உருகிய நீர் பிரேக்குக்குள் இறங்கி மறுபடி உறையும். பிரேக் டிஸ்க் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீர் பட்டால் அது வளையவும் கூடும்.

ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. பனித்தரையில் ஜாக்கி வழுக்கும்.

டிசம்பர் 11

வேகம் ஏறியதும் ஸ்டீயரிங் நடுங்கினால், டயர் கடைக்குப் போகும் முன் ரிம்மின் உட்புறத்தைப் பாருங்கள். வெளியிலிருந்து தெரியாத அந்தப் பக்கத்தில், ஒரே இடத்தில் ஒட்டிய சில நூறு கிராம் பனியே சக்கரத்தின் சமநிலையைக் குலைக்கப் போதும். ஆரக்கால் இடைவெளி வழியாகக் குச்சியால் சுரண்டலாம். சுரண்டியும் நடுக்கம் நிற்கவில்லை என்றால், சமன்செய்யும் எடைத்துண்டு கழன்றிருக்கலாம்.

டிசம்பர் 19. மாலை +1°, இரவு −11° வரும்

ஹேண்ட் பிரேக் உறைவதற்கு ஏற்ற இரவு. கேபிள் உறையில் சிறு கிழிசல் இருந்தால் நீர் புகுந்து, கேபிள் உறையோடு உறைந்துவிடும். டிரம் பிரேக்கில் ஷூவே (டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் பாகம்) டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும்.

வீடு சேரும் முன் கடைசிச் சில நூறு மீட்டர், பின்னால் வண்டி இல்லையென்றால், பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டுங்கள். சூட்டில் ஈரம் காயும். சமதளத்தில் நிறுத்தி, ஆட்டோமேட்டிக் என்றால் P, மேனுவல் என்றால் முதல் கியர். ஹேண்ட் பிரேக் போட வேண்டாம், சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள். எலக்ட்ரிக் பிரேக் தானாகப் பூட்டும் வண்டியில் அதை எப்படி நிறுத்துவது என்பது கையேட்டில் இருக்கும்.

ஒட்டிக்கொண்டால், மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆக்சிலேட்டரை அமுக்கிப் பயனில்லை. முன்சக்கர இழுவை வண்டி, பின்சக்கரங்கள் சுழலாமலேயே பனியில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஓட்டுபவருக்குத் தெரியாது, காய்ந்த தார் வந்ததும் டயர் ஒரே இடத்தில் தேயும். யாரையாவது வெளியே நிறுத்திச் சக்கரம் சுற்றுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டிசம்பர் 27

முன் பம்பரில், முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார் இருக்கும் இடத்தை மூடிய பனியால் தானியங்கி வேகக் கட்டுப்பாடு வேலை செய்யாது. துடைத்தால் சரியாகிவிடும்.

ஜனவரி 8. −6°, ஆழப் பனி

ஆழப் பனியில் புகுந்து ஓட்டினால் எஞ்சினின் அடித்தட்டு மேல் பனி ஏறும். நின்றபின் எஞ்சின் சூட்டில் உருகி, இரவில் உறையும். காலையில் ரேடியேட்டர் விசிறி அசையாது. மோட்டார் திணறி ஃபியூஸ் எரியும். பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியைச் சுற்றிய பனியால் பெல்ட் கழன்றும் போகலாம். அடித்தட்டின் போல்ட்டுகளைப் பருவத்துக்கு முன்பே சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் பனியின் எடையில் தட்டு கிழியும்.

ஜனவரி 15. −14°

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகும். நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகிப் போகும். கடைக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சரில் தேங்கி உறையும். வாரத்தில் ஒருமுறையாவது அரை மணி நேரம் நன்றாக ஓட்டுவதே மருந்து.

பின்னோக்கி நிறுத்திய வண்டியில், புகைக்குழாய் பனிக்குவியலில் புதைந்திருக்கிறதா என்று எஞ்சினை இயக்கும் முன் பாருங்கள். அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம்; அதற்கு மணம் கிடையாது.

ஜனவரி 23. −12°

சாதாரண உப்பு −10°க்குக் கீழே மந்தம். அதனால் கால்சியம், மக்னீசியம் குளோரைடுகள் சாலைக்கு வருகின்றன. இவை காற்றின் ஈரத்தையே இழுப்பதால் அடிப்பக்கம் காய்வதில்லை. சூடான கராஜில் உப்புப் பனி உருகும்போதுதான் துரு வேகம் பிடிக்கும். ஆகவே 0°க்கு மேல் போகும் நாளில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். கழுவியதும் பத்து நிமிடம் ஓட்டிப் பிரேக்கைக் காயவையுங்கள்.

லைனரைக் காயவைத்து சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் கட்டி எளிதில் பெயரும். சில ஓட்டங்களில் போய்விடும், மறுபடி அடிக்க வேண்டும். டிஸ்க், பேட், டயர் மீது ஒரு துளியும் படக் கூடாது.

மார்ச் 14. +6°

பனி போனபின் பார்க்க வேண்டியவை: சிவி ஜாயின்ட் (சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்தும் இணைப்பு), பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் திரும்ப விடும் உருண்டை இணைப்பு) ஆகியவற்றின் ரப்பர் உறைகளில் கிழிசல், ஏபிஎஸ் கம்பியைப் பிடிக்கும் கிளிப், லைனர் கிளிப்கள், இரும்புப் பிரேக் குழாய்களில் கொப்புளித்த துரு. ரப்பர் உறை கிழிந்திருந்தால் கிரீஸ் சக்கரத்தின் உட்புறம் தெறித்திருக்கும். சத்தம் வரும் முன் உறையை மட்டும் மாற்றினால் ஜாயின்ட் தப்பும்.